விசாரணை அன்ரி சோதித்து வாங்கிய ஃபோன்

முருகப்பெருமானே மயிலை விட்டு இறங்கி வந்து நார்த்மீட் வீட்டின் மணியை அடித்திருந்தாலும் விசாரணை அன்ரி கதவுச் சங்கிலியைக் கழற்றியிருக்க மாட்டார். இடைவெளியில் ஒரு கண்ணை மட்டும் வைத்து, "ஆர் உங்களை இஞ்ச அனுப்பினது?" என்று கேட்டிருப்பார். மயில் பக்கத்து வீட்டுக்காரரின் கார் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறதா என்பது அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். வேலுக்கு லைசென்ஸ் உண்டா என்பது அதற்கும் அடுத்தது. சிட்னியில் என்று மட்டும் இல்லை, நான் இதுவரை பார்த்த ஊர்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அவரைப்போல் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கரண்ட் பில் உறையில் அது அச்சாகி வரும். ஆனால் உறை தபால் பெட்டியிலிருந்து நேராக அவருடைய கைப்பைக்குள் போய்விடும். அதனால் அந்த வீட்டில் அறை எடுத்துத் தங்கிய பெண்கள் எல்லோரும், ஒருவர் போக ஒருவர் வர, அவரை விசாரணை அன்ரி என்றே அழைத்தார்கள். இலங்கைத் தமிழர். ஐம்பதைத் தாண்டியவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காலை வேலை. பிற்பகலில் வீட்டுக்கு வந்தால் மீதிப் பொழுதெல்லாம் விசாரணை.

கடையில் பிஸ்கட் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்க மாட்டார். மீதிப் பாதியை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பால் புட்டியின் மூடி நிறம் மாறினால் மாட்டையே சந்தேகப்படுவார். மழை வரும் என்று டிவியில் சொன்னால், சொன்ன பெண்ணின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "உவளுக்கே நம்பிக்கை இல்லை" என்று சொல்லித் துணியைக் காயப்போடுவார். மழை வந்துவிட்டால் அது தற்செயல்.

நான் அறை கேட்டுப் போன அன்று நடந்த நேர்காணல், எனக்கு விசா கொடுத்தவர்கள் நடத்தியதைவிட நீளமானது. என்ன படிக்கிறேன் என்று கேட்டார். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதிக்கிற படிப்பு என்றேன்.

"ஆற்ற இரத்தம்?"

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இரத்தம் அன்ரி."

"அவைக்குத் தெரிஞ்சோ எடுக்கிறது?"

தெரிந்துதான் என்று உறுதி கொடுத்த பிறகே அறையைக் காட்டினார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. அப்பா லாரிக்குச் சுமை ஏற்றுபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரேஷன் கடை நோட்டீஸிலிருந்து மருந்து டப்பா வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த எழுத்தையெல்லாம் படித்துச் சொன்னது நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆகவே ஒரு பொருளை வாங்க வேண்டும் என்றால் அதைப் பற்றிய எல்லாவற்றையும் நானே படித்து, நானே முடிவு செய்வேன். இன்னொருவர் வந்து எனக்குப் படித்துச் சொல்வது எனக்கு ஆகாது.

இப்படிப்பட்ட நானும் அப்படிப்பட்ட அன்ரியும் சேர்ந்து ஒரு பழைய ஃபோன் வாங்கிய கதைதான் இது.

படிப்பு முடிந்து, ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் சுற்றில் தேறிவிட்டேன். அடுத்த சுற்று ஃபோனில்தான், சில வாரங்களில் நாள் சொல்வோம் என்று மின்னஞ்சல் வந்தது. என் துறையில் முதல் வேலை. அது கிடைத்தால் சிட்னியில் இருப்பேன், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலைப் பத்தாவது முறையாகப் படித்துக்கொண்டே லிட்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். யாரோ தோளில் இடித்தார்கள். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டே, அதற்குள் ஃபோன் போய்விட்டது. ரயில்வே ஊழியர் நீளக் கிடுக்கியால் எடுத்துக் கொடுத்தபோது சிம் மட்டும் உயிரோடு இருந்தது.

புது ஃபோனுக்கு வசதி இல்லை. பழையது வாங்க வேண்டும் என்றால் நான் படிக்காமல் விடுவேனா? என் சிம் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனியின் அலைவரிசைகளை ஃபோன் பிடிக்க வேண்டும். வேறு கம்பெனிக்கென்று பூட்டப்பட்டிருக்கக் கூடாது. தொலைந்தது, திருடு போனது என்று யாரும் புகார் கொடுத்திருக்கக் கூடாது. இங்கே பழைய த்ரீஜி நெட்வொர்க்கை மூடிவிட்டார்கள். அதனால் சாதாரண அழைப்பும் ஃபோர்ஜி வழியாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு அன்ரியிடம் பெருமையாக ஒப்பித்தேன்.

அன்ரி பருப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். பிறகு, "ஃபோனைப் பாக்காத. விக்கிறவனைப் பார்" என்றார். அதோடு, நான் தனியாகப் போகக் கூடாது, தானும் வருவதாகத் தீர்மானித்துவிட்டார்.

முதல் ஆளைப் பரமட்டாவில், போலீஸ் நிலையத்துக்கு எதிரே சந்திக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது அன்ரிதான். கள்ளனாக இருந்தால் அங்கே வர மாட்டானாம். ஒல்லியான இளைஞர் ஒருவர் நேரத்துக்கு வந்தார். எதிரே ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பூதக்கண்ணாடியுமாக அன்ரி நிற்பதைப் பார்த்ததும் அவர் நடை கொஞ்சம் தளர்ந்தது.

அன்ரியின் ஆங்கிலம் சிக்கனமானது, ஆனால் குறி தப்பாதது. ஏன் விற்கிறீர் என்று கேட்டார். புதியது வாங்கிவிட்டேன் என்றார் அவர். இது நல்லதென்றால் ஏன் புதியது? கேமராவுக்காக. அப்படியென்றால் இதில் கேமரா சரியில்லை. இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது ஏன் புதியது? இந்த வட்டத்தில் இரண்டு சுற்று சுற்றிய பிறகு அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஃபோனைப் பையில் போட்டபடி நேராக எதிரே இருந்த போலீஸ் நிலையத்துக்குள் போனார். புகார் கொடுக்கத்தான் போகிறார் என்று எனக்கு வியர்த்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் அங்கேயே அலுவலக வேலை பார்ப்பவர்.

"பாத்தியோ," என்றார் அன்ரி. "உள்ளாள்."

பஸ்ஸில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இத்தனை கேள்வி கேட்டா யாரு அன்ரி விப்பாங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "வில்லாவுட்டில வைச்சு இந்த நாடு என்னைக் கேட்ட கேள்வியில கால்வாசிகூட நான் உவனைக் கேக்கேல்லை. நான் எல்லாத்துக்கும் இருந்து பதில் சொன்னனான். எழும்பிப் போகேல்லை."

வில்லாவுட்டில் அகதிகளை வைத்திருக்கும் தடுப்பு முகாம் இருக்கிறது. அன்ரி அங்கே இருந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எவ்வளவு காலம் என்று கேட்க நினைத்தேன். அவரைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது ஃபோன் லிட்கத்தில் ஒரு பெண்மணியிடம் இருந்தது. நல்ல மனுஷி, வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார். அன்ரி டீயை என் பக்கம் தள்ளிவிட்டு, ஃபோனில் ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினார். திரையில் அந்த ஃபோனுக்கென்றே உள்ள நீண்ட எண் வந்தது. அதை அவர் ஓத ஓத, நான் ஷாலினியிடம் இரவல் வாங்கி வந்திருந்த ஃபோனில், திருட்டு ஃபோன்களைக் காட்டிக்கொடுக்கும் இணையதளத்தில் அடித்தேன். ஷாலினி எங்கள் வீட்டின் இன்னொரு அறையில் இருந்த மலேசியத் தமிழ்ப் பெண். இந்தக் கருவியின் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று தளம் சொன்னது.

"உந்த வெப்சைட்டை ஆர் நடத்தினம்?" என்றார் அன்ரி.

நல்லவேளையாக என் சிம்மைப் போட்டுப் பார்த்தபோது, பூட்டுத் திறக்கும் குறியீட்டைக் கொடு என்று ஃபோன் கேட்டது. அது வேறு கம்பெனிக்கென்று பூட்டப்பட்டது. அந்தப் பெண்மணிக்கே அது தெரியாது. அவர் வருத்தப்பட்டார். அன்ரிக்கோ வெற்றி. திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தில் ஒரு பொலிவு. நம்பிக்கை வீண்போகாத பக்தர் மாதிரி இருந்தார்.

மூன்றாவது ஆள் சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன், மாணவன். பரமட்டா நூலகத்தில் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அன்ரிக்கு அங்கேயே சந்தேகம் பிடித்துவிட்டது. ஆனால் அவனிடம் எல்லாம் சரியாக இருந்தன. நான் படித்து வைத்த அலைவரிசைகள் அந்த ஃபோனின் பெயருக்கு நேரே இருந்தன. பூட்டு இல்லை, புகார் இல்லை, பேட்டரி நன்றாக இருந்தது, பெட்டிகூட வைத்திருந்தான். அன்ரி பெட்டியை முகர்ந்து பார்த்தார். குற்றம் ஒன்றும் மணக்கவில்லை.

அப்போதுதான் அவர் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார். அதற்கு அம்மா சோதனை என்று பெயர். விற்பவர் அதே ஃபோனிலிருந்து தன் அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நான் இந்த ஃபோனை விற்கிறேன் என்று சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தக் கள்ளனும் அம்மாவிடம், அதுவும் ஸ்பீக்கரில், திருட்டுப் பொருளைப் பற்றிப் பேச மாட்டான் என்பது அன்ரியின் ஆராய்ச்சி முடிவு.

பையன் தயங்கினான். அன்ரியின் கண் சுருங்கியது. பிறகு நூலகத்தின் வைஃபையைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அழைத்தான். சிங்கப்பூரில் அவன் அம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னான்.

"டேய், உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்த ஃபோனை விக்கிறியா?"

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியதை இங்கே எழுத இடம் போதாது. நூலகர் எழுந்து வந்தார். பையன் முகம் சிவந்து, அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு, சங்கீதம் கேட்பவர்போல் தலையை ஆட்டினார். இடையில் புகுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பிள்ளையைத் திட்ட வேண்டாம், பையன் ஒழுங்கானவன் என்று சமாதானம் வேறு சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரு மனிதருக்கு நற்சான்று வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேண்டு," என்றார் என்னிடம். "உது கள்ளச் சாமான் இல்லை."

வாங்கிவிட்டேன். நானும் திருப்தி, அவரும் திருப்தி. நான் ஃபோனைச் சோதித்தேன், அவர் ஆளைச் சோதித்தார். இனி என்ன மிச்சம் இருக்கிறது?

ஃபோன் அருமையாக வேலை செய்தது. தினமும் காலையில் அம்மா வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார். தோழிகள், ஷாலினி, பழைய வகுப்பு எல்லாமே வாட்ஸ்அப். வீட்டுக்குள் அன்ரி செய்தி அனுப்புவது வைபரில். எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமான எல்லோரும் கடல் தாண்டித்தான் இருக்கிறார்கள். சாதாரண அழைப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது.

கொஞ்ச நாளில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் கருவியால் எங்கள் நெட்வொர்க்கில் அழைப்புகளோ அவசர அழைப்போ செய்ய இயலாது, விரைவில் சேவை நிறுத்தப்படும், விவரத்துக்கு இங்கே அழுத்தவும் என்று, கீழே ஒரு நீல நிற இணைப்போடு.

அன்ரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "கள்ளர்," என்றார். "பயப்பிடுத்தித்தான் அழுத்த வைப்பாங்கள்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்தின நாள்தான் அம்மாவுடன் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அழைப்பே போகாத ஃபோனில் அது எப்படி முடியும்? அழித்துவிட்டேன். சில நாள் கழித்து மறுபடியும் வந்தது. அன்ரி தன் கையாலேயே அழித்தார். அவர் வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்ட ஆயிரம் விஷயங்களில், சந்தேகப்படாமல் நம்பியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

மருத்துவமனையிலிருந்து நாள் சொன்னார்கள். அன்று பிற்பகலில் அழைப்போம் என்றார்கள். அன்ரி வேலைக்கு லீவு போட்டார். லீவு போட்டதே அதிசயம். காலையிலேயே வீட்டில் ஊரடங்கு அமலுக்கு வந்தது. டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது. ஷாலினி காப்பி போட வந்தபோது, கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு. அவள் சர்க்கரையை விரலால் கலக்கிக் குடித்துவிட்டு வகுப்புக்குத் தப்பி ஓடினாள். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதன் பிளக்கையும் பிடுங்கினார். மேசை நடுவில் எவர்சில்வர் தட்டு. தட்டின் மேல் என் ஃபோன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அன்ரி.

நேரம் போனது. ஃபோன் பூஜைக்கு வைத்த பலகாரம்போல் அசையாமல் இருந்தது. ஒருமுறை அடித்தது. இருவரும் துள்ளினோம். அம்மா, வாட்ஸ்அப்பில், இண்டர்வியூ முடிந்ததா என்று கேட்க. வேகமாகக் கட் செய்தேன். பிறகு மின்னஞ்சல் வந்தது. உங்களை இரண்டு முறை அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் மீண்டும் அழைப்போம். அப்போதும் கிடைக்காவிட்டால் அடுத்தவரிடம் போக வேண்டியிருக்கும்.

அன்ரி மின்னஞ்சலை நம்பவில்லை. "உனக்கு ஃபோன் எடுத்தவையாம். எடுத்திருந்தா அடிச்சிருக்கும்தானே. நான் இஞ்சதானே இருக்கிறன்."

"அன்ரி, உங்க ஃபோன்ல இருந்து என் நம்பருக்கு அடிங்க. சாதாரண கால். வாட்ஸ்அப் வேண்டாம்."

அவர் தன் பட்டன் ஃபோனை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணை மறைக்கும் குறியீட்டையும் சேர்த்து அழுத்தினார். நீங்கள் அழைக்கும் நபரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. தட்டில் இருந்த ஃபோன் மூச்சுவிடவில்லை. அன்ரி தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோனின் பெயரைத்தான் நான் படித்தேன். அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் படிக்கவில்லை. அதே பெயரில் சிங்கப்பூருக்கென்று செய்த ஃபோன் வேறு, இங்கே விற்கும் ஃபோன் வேறு. இன்டர்நெட் வரும், வாட்ஸ்அப் வரும், குறுஞ்செய்திகூட வரும். என் கம்பெனியின் நெட்வொர்க்கில் ஒரு சாதாரண அழைப்பு மட்டும் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அந்த அம்மா சோதனையும் நூலகத்து வைஃபையில்தானே நடந்தது.

"சிம்மை உங்க ஃபோன்ல போடலாம் அன்ரி."

ஊசியால் குத்தி சிம்மை எடுத்து அவருடைய ஃபோனில் போட்டேன். பூட்டுத் திறக்கும் குறியீட்டைக் கேட்டது. இத்தனை நாள், பூட்டிய ஃபோனா, பூட்டிய ஃபோனா என்று ஊரையே விசாரித்தவரின் ஃபோன் பூட்டிய ஃபோன்.

"தெரிஞ்சுதான் வேண்டினனான்," என்றார் தலை குனிந்தபடி. "களவு போனாலும் எடுத்தவனுக்கு உதவாது எண்டு."

அவருடைய சிம்மையே திரும்பப் போட்டேன். இப்போது ஒரே வழிதான் இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்ரியின் நம்பர் யாருக்கும் தெரியாது. வாடகைக்கு இருந்த எங்களுக்கும் தெரியாது. அவர் வைபர் வைத்திருந்தது ஒரு பழைய டேப்லட்டில், அதுவும் எப்போதோ பெர்த்துக்குப் போய்விட்ட ரோகிணி என்ற பெண்ணின் கணக்கு. பட்டமளிப்பு உடையில் சிரிக்கும் ரோகிணியின் படத்தோடுதான், குசினியில், அதாவது சமையலறையில், லைட்டை அணைக்காமல் போனது யார் என்று எங்களுக்குச் செய்தி வரும். அன்ரியின் உண்மையான எண் இரண்டே பேரிடம் இருந்தது. வவுனியாவில் இருக்கும் அக்காவிடம் ஒன்று, முதியோர் இல்லத்துச் சமையலறை மேலாளரிடம் ஒன்று. ஏன் இப்படி என்று ஷாலினி ஒருமுறை கேட்டதற்கு, நம்பர் கொடுத்தால் ஆள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். யாருக்குத் தெரிந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஷாலினியும் கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃப்ரிட்ஜ்கூட ஓடாத வீட்டில் தட்டின் முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கட்டுவது, சங்ககிரிக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கதவு திறந்தது.

"உனக்கு உந்த வேலை கட்டாயம் வேணுமோ?"

"வேணும் அன்ரி."

"அப்ப நான் சொல்லுறன். எழுதி வையாத. நேர உந்த ஈமெயிலுக்குள்ள அடி."

ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, என் காதருகே வந்து, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். என் ஃபோன் பழுது, இந்த எண்ணில் அழையுங்கள் என்று எழுதி அனுப்பினேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. ஓர் ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவருடைய கதவுச் சாவியைக் கொடுத்ததுபோல் இருந்தார்.

பட்டன் ஃபோன் அடித்தது. திரையில் 'பிரைவேட் நம்பர்' என்று விழுந்தது. எண்ணை ஒளித்துக்கொண்டு அழைப்பவனோடு வாழ்நாளில் பேசியதில்லை என்று சொல்பவர் அவர். நான் கையை நீட்டினேன். ஆனால் அது அவருடைய ஃபோன். அவரே எடுத்தார்.

எடுத்தவர் பேசாமல் கொடுத்திருந்தால் அவர் விசாரணை அன்ரி அல்லவே. எந்தப் பிரிவு என்று கேட்டார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். நீங்கள் ஆஸ்பத்திரிதான் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். எந்த வேலைக்கு, எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த பெண்ணைத் தேடுகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று. மறுமுனையில் இருந்த ஆஸ்பத்திரிப் பெண்மணி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் அன்ரி ஃபோனை என்னிடம் கொடுத்தார். "கதை," என்றார், பேசச் சொல்லி. "உண்மையான ஆள்தான்."

நேர்காணல் முடியும்வரை அவர் ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். இரத்தத்தில் சர்க்கரை, உப்பு, கிருமி என்று நான் ஆங்கிலத்தில் அளந்ததில் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நான் தடுமாறிய இடத்தில் மட்டும் அவர் கை பிளக்கை இறுக்கியது.

முடிவு சில நாளில் வந்தது. எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது சொன்னார்: "வேலை தந்திருக்கினமாம். ஏன் தந்தவை எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னாங்க அன்ரி?"

"நீ வடிவாச் செய்தனியாம்." கொஞ்சம் யோசித்தார். "நம்பலாம் போலத்தான் கிடக்கு."

ஃபோனைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சிங்கப்பூர்ப் பையன் உண்மையாகவே அதிர்ந்துபோனான். அவன் வைத்திருந்தது வேறு கம்பெனி சிம். அதில் அவனுக்கு அழைப்பெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, உடனே பணத்தை நீட்டினான். அன்ரி என்னை ஓரமாக இழுத்தார். "குறை சொன்ன உடன திருப்பித் தாறான். உதில என்னவோ இருக்கு."

அதன் பிறகு வாங்கிய பழைய ஃபோன் இங்கேயே விற்ற மாடல், அதன் முதுகைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். அம்மா சோதனையிலும் அன்ரி திருத்தம் கொண்டுவந்தார். வைஃபையை அணைத்து, நடுத்தெருவில் நின்று, சாதாரண அழைப்பில் பேச வேண்டும். விற்றவர் ஒரு கிரேக்கக்காரர், அறுபது வயது. அவருடைய அம்மா பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். அந்தப் பாட்டியும் திட்டினார். அன்ரிக்குப் பரம திருப்தி.

நான் இப்போது லிட்கத்தில் இருக்கிறேன், ஆய்வகத்துக்குப் போக அங்கிருந்து வசதி. ஆனால் மருத்துவமனைக் கணக்கில் என்னுடைய தொலைபேசி எண் என்று அன்ரியின் எண்தான் ஏறிவிட்டது. யாராவது லீவு போட்டு அவசரமாக ஆள் தேவைப்பட்டால் அழைப்பு நார்த்மீட்டுக்குத்தான் போகும். அங்கே முதலில் விசாரணை நடக்கும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த எண்ணை அழைக்கும்முன் என்னுடைய பிறந்த தேதியையும் படிப்பையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பிறகு என் ஃபோன் அடிக்கும்.

"உன்னைத் தேடுகினம் பிள்ளை. நாளைக்குக் காலமை வேலையாம். ஆள் ஆர் எண்டு வடிவா விசாரிச்சனான், பிழையில்லை. நீ சாப்பிட்டனியோ?"

இந்த எண் சரிதானா, மாற்ற வேண்டுமா என்று அலுவலகத்தில் என்னை அடிக்கடி கேட்கிறார்கள். சரிதான் என்று சொல்லிவிடுகிறேன்.